எஸ்டேட் படம் எஸ்டேட் லைனில் போகட்டும்

மயிலம்மாள் போனில் பேசி முடித்ததும் அதை உடனே இடுப்புப் பையில் போட மாட்டாள். கட்டைவிரலால் திரையின் மேலிருந்து கீழே ஓர் இழுப்பு. டேட்டா என்று இருக்கும் இடத்தில் ஒரு தட்டு. அது நிறம் மங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பை. இந்தப் பழக்கம் அவள் முதல் போன் வாங்கிய காலத்திலிருந்து இருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனையோ போன் மாறிவிட்டது. கல்யாணப் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்திருந்தாலும் சரி, கோயிலில் சாமி புறப்படும் நேரமானாலும் சரி, அந்த இழுப்பும் தட்டும் ஒரு நாளும் தவறியதில்லை.

"வீட்டப் பூட்டிட்டு பூட்ட இழுத்து இழுத்துப் பாக்கிற மாதிரில இருக்கு," என்று கூட வேலை செய்யும் வள்ளிநாயகி கேலி செய்வாள். "தெறந்து கெடந்தா யாராச்சும் வந்து எடுத்துட்டுப் போயிருவாங்களாக்கா?"

"எடுத்துட்டுப் போறவன் சொல்லிட்டா வருவான்?" என்பாள் மயிலம்மாள்.

அவளுடையது முன்பணம் போட்டுப் பேசும் லைன். கையில் காசு இருக்கும்போது கிரெடிட் போட்டுக்கொள்வாள். அதிலிருந்து மாதத்துக்கு ஒரு சின்ன டேட்டா பேக்கேஜ். அந்தப் பேக்கேஜ் தீர்ந்தால் டேட்டா நின்றுவிடும் என்றுதான் முதலில் அவளும் நினைத்திருந்தாள். ஒரு நாள் அவள் புருஷன் மணியம் அவள் போனில் கபடிப் போட்டி பார்த்தபடியே நாற்காலியில் தூங்கிவிட்டார். போட்டி முடிந்து, அடுத்த போட்டி தொடங்கி, அதுவும் முடிந்து, யாரும் பார்க்காமலே கபடி ஓடிக்கொண்டிருந்தது. அவர் விழித்துப் பார்த்தபோது பேக்கேஜும் இல்லை, மிச்சமிருந்த கிரெடிட்டும் இல்லை. சத்தமில்லாமல் தின்றுவிட்டிருந்தது. அன்றிலிருந்து மயிலம்மாளுக்குத் திறந்து கிடக்கும் டேட்டாவைப் பார்த்தால் எரிந்துகொண்டிருக்கும் அடுப்பைப் பார்ப்பது போல.

மலேசியாவில், கெமாஸ் டவுனிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில்தான் அவர்கள் எஸ்டேட். ரப்பர் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்து பல காலம் ஆகிவிட்டது. குலை வெட்டுகிறவர்கள் வங்காளதேசத்துக்காரர்களும் இந்தோனேசியர்களும். தமிழர்களில் பெரும்பாலானோர் டவுனுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருக்கிற பெண்கள் மருந்தடிக்கிறார்கள், அல்லது குலை விழும்போது சிதறும் பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் கட்டுகிறார்கள். உதிரிப் பழம் பொறுக்கும் அந்த ஏழெட்டுப் பெண்களிடம் வேலை வாங்கும் மண்டோர் மயிலம்மாள்தான். அதிகம் பேசாத மண்டோர். யாராவது மரத்தடியில் பழத்தை விட்டுவிட்டு நகர்ந்தால் கூப்பிட மாட்டாள். தானே போய்க் குனிந்து பொறுக்குவாள். விட்டவள் வெட்கப்பட்டு ஓடி வருவாள்.

சென்ற ஆண்டு மழை விட்ட சமயம், ஒரு காலை பெரட்டில், ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி சுகுமாறன் புதுச் செய்தி சொன்னார். விடியும் நேரத்தில் எல்லாரும் ஆபீஸ் முன்னால் வரிசையாக நின்று பேர் கொடுப்பதுதான் பெரட்டு. பேர் விழுந்தால்தான் அன்றைய கூலி. மயிலம்மாளின் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான்.

"இனிமே பெரட்டு கெடையாது," என்றார் சுகுமாறன். அவர் ரஹாங் பக்கத்துப் பிள்ளை. முப்பது வயதுக்கு மேல் இருக்காது. யாரையும் வாடா போடா என்று பேசியதில்லை. "நேரா வேலக்காட்டுக்குப் போயிடுங்க. அங்க மண்டோர் தன்னோட போன்ல ஒவ்வொருத்தர் மொகத்தையும் ஒரு படம் எடுப்பாங்க. அது ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வந்திடும், பேர் தானா விழுந்திடும். சாக்கு கட்டி ரோட்டோரம் வச்சதும் அதுக்கும் ஒரு படம். அவ்வளவுதான்."

"யாரு போன்ல தம்பி?" என்று மயிலம்மாள் கேட்டாள்.

"உங்க போன்லதான் மயிலக்கா. இப்ப யார்கிட்டதான் போன் இல்ல?"

"டேட்டா?"

"கொஞ்சூண்டு தின்னும், தெரியவே தெரியாது. வேல நேரத்துல மட்டும் டேட்டாவ ஓஃப் பண்ணிடாதீங்க. நீங்க காட்டுல எந்தப் பக்கம், எந்த ப்ளோக்ல இருக்கீங்கன்னு அதுக்குத் தெரியணும். இல்லன்னா செவப்பு காட்டும், பேர் விழாது."

அவரே அவள் போனை வாங்கி அந்தச் செயலியை ஏற்றிக் கொடுத்தார். அன்று காலை மயிலம்மாள் முதல் தடவையாக டேட்டாவை மூடாமல் போனைப் பையில் போட்டாள். வேலைக்காட்டுக்குப் போய்ச் சேரும்வரை கை அந்தப் பையின்மேலேயே இருந்தது.

படம் எடுக்கும் விஷயம் பெண்களுக்குப் பிடித்துப் போனது. காட்டு வேலையில் முகத்தை யார் பார்க்கிறார்கள்? தொப்பி, அதற்குக் கீழே துணி, முழங்கால் வரை பூட்ஸ். இப்போது தினமும் காலையில் ஒரு படம். வள்ளிநாயகி பவுடர் டப்பாவைச் சாப்பாட்டுக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை பூ வைத்துக்கொண்டும் வந்தாள்.

"ஐயோ, கண்ண மூடிட்டேன்கா. இன்னொன்னு எடுங்க."

"ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்னப் பொண்ணு பாக்கவா போவுது?"

"பாக்காட்டியும் போவுது, தூங்குமூஞ்சியா காட்டணுமா?"

"எனக்கும் இன்னொன்னு," என்பாள் பஞ்சாலை. அவள் சாதுவானவள், மற்றவர்கள் கேட்ட பிறகு கேட்பாள். "எனக்கு வாய் கோணிட்டு வந்திருக்கு."

"கோணின வாய் கோணித்தான் வரும்," என்பாள் வள்ளிநாயகி.

மயிலம்மாளும் சிரித்துக்கொண்டே எடுப்பாள். பிடிக்காத படத்தை அழித்தாள். அழித்தால் போய்விட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

குளவி கொட்டியது அடுத்த மாதம். அன்று எஸ்டேட்டின் கடைசி ப்ளோக்கில் வேலை. அதற்கு அப்பால் சதுப்பும் காடும்தான். வள்ளிநாயகி விழுந்து கிடந்த மட்டை ஒன்றை ஒதுக்கித் தள்ளினாள். அடியில் கூடு இருந்தது தெரியவில்லை. அவள் போட்ட சத்தத்தில் எல்லாரும் ஓடினார்கள். துணியை வீசித் துரத்தி அவளை இழுத்து வந்து பார்த்தால், கழுத்திலும் கன்னத்திலும் காதுக்குப் பின்னாலும் கொட்டியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதடு தடித்தது. கண் மூடிப்போனது. மூச்சு இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது.

மணியம்தான் டிராக்டர் ஓட்டுகிறார். அவரைக் கூப்பிட்டால் குறுக்கு வழியில் சீக்கிரம் வந்துவிடுவார். மயிலம்மாள் போனை எடுத்து அழுத்தினாள். மணியடிக்கவில்லை. ஒரு பெண் குரல் மலாயில், மிகவும் மரியாதையாக, உங்கள் கிரெடிட் போதவில்லை என்றது. ஏதோ தப்பாக அழுத்திவிட்டோம் என்று மறுபடி அழுத்தினாள். அதே குரல், அதே மரியாதை. வாட்சாப்பும் போகவில்லை. நான்கு நாளைக்கு முன்புதான் கிரெடிட் போட்டிருந்தாள். ஆபீஸுக்கு அடித்தாள். அந்தக் குரல்.

"பஞ்சாலை, ஒன் போன்!"

"வீட்லக்கா. மண்டோர் போன் ஒன்னு இருந்தா போதும்னுட்டாங்களே."

இன்னொருத்தியிடம் போன் இருந்தது. அவள் லைன் அந்த ப்ளோக்கில் எடுக்காது. மயிலம்மாள் பூட்ஸோடு ஓடினாள். மேட்டில் ஏறி மண் சாலைக்கு வந்தபோது, குலை வெட்டுகிற வங்காளதேசத்துப் பிள்ளை ஒருவன் மோட்டாரில் வந்துகொண்டிருந்தான். அவன் வெட்டுக்கழியை அப்படியே சாலையில் போட்டுவிட்டு வந்தான். வள்ளிநாயகியை நடுவில் உட்காரவைத்து, பின்னால் மயிலம்மாள் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கெமாஸ் கிளினிக் வரை அந்தக் குண்டும் குழியுமான வழியில் போனார்கள். அந்த விசில் மூச்சு மயிலம்மாள் காதிலேயே இருந்தது. இடையில் ஒரு தடவை அது நின்றது போல் இருந்தது. மயிலம்மாள் வள்ளிநாயகியின் முதுகில் ஓங்கி அடித்தாள். மறுபடி வந்தது.

டாக்டர் ஊசி போட்டார். ஆபத்து என்று அவர் வாயால் சொல்லவில்லை. ஆனால் வள்ளிநாயகியைப் பார்த்ததும் அவர் எழுந்து வந்த வேகத்தை மயிலம்மாள் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கெமாஸ் டவுனுக்குப் போனாள். அங்கே ஹுமாயூன் பாயின் போன் கடை, அவர் அண்ணன் நடத்தும் சாப்பாட்டுக் கடைக்கு ஒட்டினாற்போல இருக்கிறது. எஸ்டேட்டுக்காரர்கள் எல்லாரும் அவரிடம்தான் போன் வாங்குவார்கள்.

"வாங்கக்கா. அண்ணன் மறுபடி கபடி பாத்துட்டாரா?"

"இல்ல பாய். என் கிரெடிட்ட யாரு தின்னான்னு பாத்துச் சொல்லுங்க."

அவர் போனின் செட்டிங்கைத் திறந்து, எந்தெந்தச் செயலி எவ்வளவு டேட்டா எடுத்திருக்கிறது என்று காட்டினார். எல்லாவற்றுக்கும் மேலே எஸ்டேட் செயலி நின்றது.

"அடேயப்பா, யூடியூப்பே இதுக்குக் கீழதான் நிக்குது. என்னக்கா, சினிமா எடுக்கிறீங்களா?"

அவள் படம் எடுக்கும் கதையைச் சொன்னாள். பிடிக்காததை அழித்துவிடுவதையும் சொன்னாள். ஹுமாயூன் தலையை ஆட்டினார்.

"இந்த ஆப் வேற மாதிரி. நீங்க அழிச்ச படமும் ஆபீஸுக்குப் போயிருக்கு. எடுத்த படம் எல்லாம் உள்ள வரிசையில நிக்கும். லைன் வீக்கான எடத்துல பாதி போயி அறுந்திடும், மறுபடி மொதல்லேர்ந்து அனுப்பும். நீங்க வீட்டுக்கு வந்து சோறு திங்கிறப்பவும் அது அனுப்பிக்கிட்டேதான் இருந்திருக்கு."

"பேக்கேஜ் தீந்தா நிக்க வேண்டியதுதானே பாய்?"

"நிக்காது. கிரெடிட்ல கைய வைக்கும். வைக்காதன்னு நாமதான் சொல்லி வைக்கணும், லைன் கம்பெனிக்காரங்களா நிறுத்த மாட்டாங்க."

"எப்படிச் சொல்றது? நீங்க பண்ணாதீங்க. காட்டுங்க, நான் பண்றேன்."

அவர் விரலால் காட்டக் காட்ட அவளே செய்தாள். பேக்கேஜ் தீர்ந்தால் கிரெடிட்டைத் தொடாமல் டேட்டாவை நிறுத்தும்படி லைன் கம்பெனியின் செயலியில் மாற்றினாள். போனுக்குள்ளேயே ஓர் அளவு வைத்து, அதற்கு மேல் போனால் தானாக மூடிக்கொள்ளச் செய்தாள். நாம் பார்க்காத நேரத்தில் எந்தச் செயலியும் டேட்டாவைத் தொடாதபடி ஒவ்வொன்றாக அடைத்தாள். வாட்சாப்பில் வரும் வீடியோக்கள் கேட்காமலே இறங்குவதையும் நிறுத்தினாள். ஒவ்வொன்றையும் செய்துவிட்டு, வெளியே வந்து, மறுபடி உள்ளே போய்ச் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். ஹுமாயூன் அதுவரை இரண்டு பேருக்குக் கிரெடிட் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார்.

"ஒன்னு சொல்றேன் கேளுங்கக்கா," என்றார். "இதெல்லாம் அடைச்சா எஸ்டேட் ஆப் ஒழுங்கா ஓடாது. செவப்பு காட்டும், கிராணி கத்துவாரு. பேசாம பெரிய பேக்கேஜா போட்டுடுங்க. இன்னும் கொஞ்சம் காசுதான், தலவலி இல்ல."

மயிலம்மாள் டேட்டாவை மூடி, போனைப் பையில் போட்டாள்.

"சாக்கு எஸ்டேட் குடுக்குது பாய். கையுறை எஸ்டேட் குடுக்குது. பூட்ஸ் எஸ்டேட் குடுக்குது. படத்துக்கு மட்டும் ஏன் எங்க வீட்டுக் காசு?"

"அத என்கிட்டயா கேக்கிறீங்க?"

"இல்ல. கேக்க வேண்டியவங்ககிட்ட கேக்கத்தான் போறேன்."

மறுநாள் வேலை முடிந்ததும் ஆபீஸுக்குப் போனாள். வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனவளுக்கு, சுகுமாறன் மேசை முன்னால் நின்றதும் பாதி மறந்துவிட்டது. மிச்சமிருந்ததைச் சொன்னாள்.

"என் போன்ல இனிமே எஸ்டேட் படம் எடுக்க மாட்டேன் தம்பி. எஸ்டேட் போன் ஒன்னு குடுங்க. இல்லன்னா பழையபடி பெரட்டு வைங்க."

"ஒக்காருங்கக்கா. வள்ளியக்காவுக்கு ஆனது எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நீங்க 999 அடிச்சிருக்கலாமே? அதுக்குக் கிரெடிட்டே வேணாம்."

"அடிச்சா? ஆம்புலன்ஸ் வந்து எந்த மரத்துக்கிட்ட நிக்கும் தம்பி? அந்த ப்ளோக்ல எங்க நிக்கிறோம்னு எங்க வீட்டுக்காரருக்கே நான்தான் போன்ல சொல்லணும்."

சுகுமாறன் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார். "இதப் பாருங்க. ஒரே ஆள ஒரே காலையில நாலு தடவ எடுத்திருக்கீங்க. வள்ளியக்கா பூ வச்சிக்கிட்டு நிக்கிறாங்க. இதுக்கு எஸ்டேட் என்ன பண்ணும்?"

மயிலம்மாளுக்கு முகம் சுட்டது. வரிசையாக அத்தனை முகங்கள். கண் மூடியது, வாய் கோணியது, சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்தது. அழித்தவை எல்லாம் அங்கே இருந்தன.

"அது எங்க தப்புதான்," என்றாள். "இனிமே அழகு பாக்க மாட்டோம். ஆனா ஒன்னு எடுத்தாலும் எங்க காசுலதானே போவுது?"

"சரி, விடுங்க. மாசம் அஞ்சு வெள்ளிக் காசுக்குக் கிரெடிட் போட்டுத் தரச் சொல்றேன். போதுமா?"

"வேணாம்."

"பத்து?"

"காசு கேக்க வரல தம்பி. காச வாங்கிட்டா அப்புறம் அது எஸ்டேட் போனாயிடும். ஞாயித்துக்கெழமையும் தெறந்து வைங்கம்பீங்க. நான் எங்க போறேன், எங்க நிக்கிறேன்னு அது சொல்லிக்கிட்டே இருக்கும். இது என் போனு. அதுல எஸ்டேட்டுக்கு எடமில்ல."

சுகுமாறன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் கோபம் வரும் என்று அன்றுதான் அவள் பார்த்தாள்.

"எல்லா எஸ்டேட்லயும் இப்படித்தான் செய்றாங்க. முடியாதுன்னா மண்டோர் வேலய நான் வேற யாருக்காவது குடுக்கணும்."

"குடுங்க."

படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் மணியம் கேட்டார். "பத்து வெள்ளியையும் வேணாம்னுட்டு, மண்டோர் வேலயையும் குடுத்துட்டு வந்திருக்கியே. ஒனக்கென்ன கிறுக்கா?"

"ஆமா. தெரியாமத்தான் கட்டிக்கிட்டீங்களா?"



மண்டோர் வேலை பஞ்சாலைக்குப் போனது. அவள் லைன், மாதாமாதம் பில் வரும் லைன். சிரம்பானில் வேலை பார்க்கும் அவள் மகன் பேரில் இருந்தது, அவன்தான் கட்டுவான். முதல் நாள் காலை வேலைக்காட்டில் அவள் ஒவ்வொருத்தியாகப் படம் எடுத்துக்கொண்டு மயிலம்மாளிடம் வந்தாள். கண்ணைப் பார்க்கவில்லை.

"அக்கா, மொகத்துத் துணியக் கொஞ்சம் எறக்குங்க."

"ஒன் போன்லயும் வேணாம் பஞ்சாலை."

"என் மேல கோவமாக்கா? நான் கேட்டு வாங்கல. அவராத்தான் குடுத்தாரு."

"கோவமில்லம்மா. என் மூஞ்ச அனுப்புறதுக்கு ஒன் மவன் ஏன் காசு கட்டணும்?"

"பில் லைன்தானேக்கா, ஒன்னும் ஆவாது."

"பில் லைன்னா இன்னும் மோசம். கிரெடிட்டுன்னா தீந்ததும் நமக்குத் தெரியும். இது மாசக் கடைசி வரைக்கும் மூச்சு விடாது. அளவு போட்டு வையி, நான் காட்டித் தரேன்."

"அளவு போட்டா செவப்பு காட்டுமாம்," என்று சொல்லிவிட்டுப் பஞ்சாலை அடுத்தவளிடம் போனாள்.

மறுநாள் விடியும்போது மயிலம்மாள் வேலைக்காட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் லோரியில் ஏறவில்லை. ஆபீஸுக்கு நடந்தாள். பெரட்டு நின்ற இடத்தில், ஜன்னலுக்கு நேராக நின்றாள். சுகுமாறன் எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா?"

"பேர் குடுக்க வந்தேன் தம்பி. மயிலம்மாள், உதிரிப் பழம்."

"ப்ளோக்ல படம் எடுத்தாத்தான் பேர்."

"நேர்ல நிக்கிறேன். பாத்துக்குங்க."

அவர் ஜன்னலைச் சாத்தினார். அவள் சிறிது நேரம் நின்றாள். பிறகு ப்ளோக்குக்கு நடந்துபோய், மற்றவர்களோடு குனிந்து பழம் பொறுக்கினாள். கம்ப்யூட்டரில் அவள் பேர் விழவில்லை, அன்றைய கூலியும் இல்லை. அடுத்த நாளும் போய் நின்றாள், அதற்கடுத்த நாளும். மழை பெய்தால் குடை பிடித்து நின்றாள். ஆபீஸுக்கு வருகிறவர்கள் பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். கூட்டத்தில் நிற்பதற்கே கூச்சப்படுகிறவள், தன்னந்தனியாக அங்கே நிற்கும்போது எங்கே கண்ணை வைப்பது என்று தெரியாமல் ஜன்னல் கம்பிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆனால் நின்றாள்.

வீக்கம் வடிந்து வேலைக்குத் திரும்பிய வள்ளிநாயகி நேராக அவள் பக்கத்தில் வந்து நின்றாள். கழுத்தில் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது.

"நாலு நாலு படம் பாத்துச் சலிச்சிட்டாராமே கிராணி," என்று ஜன்னலுக்குக் கேட்கும்படி சொன்னாள். "பாவம், நேர்ல பாக்கட்டும். பூ வச்சிட்டு வரலாம்னு பாத்தேன், பயந்துருவாரு."

"சும்மா இருடி," என்றாள் மயிலம்மாள். ஆனால் இரண்டு பேராக நிற்கும்போது கண்ணை எங்கும் வைக்கலாம் போல இருந்தது.

மாதம் முடிந்தது. பஞ்சாலையின் மகனுக்குப் பில் வந்தது. அவன் அம்மாவைப் போனில் கூப்பிட்டுக் கத்தின கத்தல் பக்கத்து வீட்டுக்கே கேட்டது. டேட்டா தீரத் தீர, கேட்காமலே புதிதாகச் சேர்ந்துகொண்டே போயிருந்தது, ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு. தேநீர் நேரத்தில் பஞ்சாலை மரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மயிலம்மாள் தன் பிளாஸ்கிலிருந்து ஊற்றி அவளிடம் நீட்டினாள்.

"நீங்க சொன்னீங்க," என்றாள் பஞ்சாலை.

"குடி. ஆறிடும்."

"சினிமா பாத்தியாம்மான்னு கேக்கிறான்கா. எனக்கு அழுவையா வந்திருச்சு."

அடுத்த நாள் காலை ஆபீஸ் முன்னால் பஞ்சாலையும் வந்து நின்றாள். மண்டோர் வராமல் மற்றவர்கள் ப்ளோக்குக்குப் போய் என்ன செய்வது? லோரியை விட்டு இறங்கி அவர்களும் வந்து நின்றார்கள். லோரிக்காரர் இஞ்சினை நிறுத்தாமல் ஹாரன் அடித்துப் பார்த்தார். பிறகு நிறுத்திவிட்டுச் சிகரெட் பற்றவைத்தார். பெரட்டு இல்லாத எஸ்டேட்டில் அன்று மறுபடி பெரட்டு கூடியது.

"என்ன இது?" சுகுமாறன் வெளியே வந்துவிட்டார். "பஞ்சாலையக்கா, நீங்களுமா?"

பஞ்சாலை போனைத் தோளில் கிடந்த துணியில் மறைத்துக்கொண்டு மயிலம்மாளைப் பார்த்தாள்.

"பேர் குடுக்க வந்திருக்கோம் தம்பி," என்றாள் மயிலம்மாள். "படம்தான் வேணும்னா நீங்களே எடுங்க. ஒங்க போன்ல, ஒங்க ஆபீஸ் வைஃபைல. எங்க மூஞ்சி இங்கதான் இருக்கு."

"ஆபீஸ்ல எடுத்தா ஆப் செவப்பு காட்டும்னு எத்தன தடவ சொல்றது?"

"காட்டட்டும். எங்களப் பாத்தா அதுக்கு எப்பவும் செவப்புதான்," என்றாள் வள்ளிநாயகி.

இரண்டு மூன்று நாள் இப்படியே போனது. லோரி தாமதமானது, பழம் பொறுக்குவது தாமதமானது. மரத்தடியில் கிடந்த பழம் மழையில் ஊறி முளைவிட ஆரம்பித்தது. மேனேஜர் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஆபீஸுக்கு வந்தார். அவர் கோலா கிளாவாங்கைச் சேர்ந்த மலாய்க்காரர், காட்டில் நடக்கிற மேனேஜர், பூட்ஸில் சேறு இருக்கும். ஏன் நிற்கிறீர்கள் என்று மலாயில் கேட்டார்.  எல்லாரும் மயிலம்மாளைப் பார்த்தார்கள்.

மயிலம்மாளின் மலாய் சந்தை மலாய். அதில்தான் சொன்னாள். வேலை எஸ்டேட்டுடையது, படம் எஸ்டேட்டுடையது, ஆனால் லைன் எங்களுடையது. எங்கள் லைனில் காசு தீர்ந்து போனதால் இவள் செத்திருப்பாள். வள்ளிநாயகியின் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். இன்னொருத்தி மகனிடம் திட்டு வாங்கினாள். எஸ்டேட் போன் கொடுங்கள், ஒரு முகத்துக்கு ஒரு படம்தான் எடுப்போம். கொடுக்காவிட்டால் தினமும் இங்கேதான் நிற்போம்.

 

மேனேஜர் சுகுமாறனைப் பார்த்தார். லைனுக்குக் காசு ஒதுக்கவில்லை, மேலிடத்திலிருந்து அப்படித்தான் வந்தது என்றார் சுகுமாறன். அது உண்மைதான் என்பது அவர் முகத்தைப் பார்த்ததும் மயிலம்மாளுக்குத் தெரிந்தது. மேனேஜர் எஸ்டேட் போன் ஒன்று கேட்டு மேலிடத்துக்கு எழுதச் சொன்னார். போன் வரும்வரை உதிரிப் பழக் கூட்டத்தின் பேரைக் கையால் எழுது என்றார். பிறகு பெண்களைப் பார்த்து, பழம் முளைக்கிறது, போங்கள் என்றார். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை.

போன் வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது.

இன்று உதிரிப் பழக் கூட்டத்துக்கு எஸ்டேட் போன் ஒன்று இருக்கிறது. பஞ்சாலை காலையில் அதை ஆபீஸில் வாங்கிக்கொண்டு போய், சாயங்காலம் திருப்பிக் கொடுக்கிறாள். மண்டோர் வேலை அவளிடமே இருக்கிறது. மயிலம்மாள் அதைத் திரும்பக் கேட்கவில்லை, யாரும் கொடுக்கவும் இல்லை. சுகுமாறன் இப்போது அவளை மயிலக்கா என்று கூப்பிடுவதில்லை, மயிலம்மாள் என்று முழுப் பேரையும் சொல்கிறார். மருந்தடிக்கும் கூட்டத்துக்கு இன்னும் எஸ்டேட் போன் வரவில்லை. அவர்களில் இரண்டு பேர் இந்த வாரம் ஆபீஸ் ஜன்னல் முன்னால் வந்து நிற்க ஆரம்பித்திருக்கிறார்கள்.